வாழைத்தோட்டத்து வீடுகளும் நூறாவது ஒப்பும்

எங்கள் குடும்பத்தில் பரம்பரையாக வருகிற வியாதி இரண்டு. ஒன்று சர்க்கரை, மற்றது மனு எழுதுவது. ராஜா காலத்திலிருந்தே அரசாங்கக் கச்சேரியில் பேனா பிடித்த கூட்டம் நாங்கள். அப்பா தாலுக்கா ஆபீசில் இருந்தார். நான் ரெவின்யூவில் முப்பது வருஷம் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றேன். கேரள எல்லைக்குள், பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் இடையில் கிடக்கிற எங்கள் ஊரில் வீட்டுக்குள் தமிழ், ரோட்டில் இறங்கினால் மலையாளம். பேசுவதற்கு யாருக்கும் தடங்கல் இல்லை. ஆபீசுக்கு எழுதிக் கொடுக்க வேண்டுமென்றால்தான் ஆள் தேட வேண்டும். ரேஷன் கார்டோ, விதவைப் பென்ஷனோ, மழையில் அறுந்த கரண்ட் கம்பியோ, எல்லாவற்றுக்கும் எங்கள் வீட்டு வாசலுக்குத்தான் வருவார்கள். நான் எழுதுவேன். அவர்கள் வாசிக்காமல் ஒப்பு போடுவார்கள். கையெழுத்துக்கு எங்கள் ஊரில் ஒப்பு என்றுதான் பெயர். "அந்த வீட்டுல எழுதினதாக்கும்" என்றால் ஊரில் அதற்கு மேல் கேள்வி கிடையாது.

இதில் எனக்கு ஒரு கர்வம் இருந்தது. இல்லை என்று சொன்னால் பச்சைப் பொய்.

என் வீட்டுக்குக் காலையில் வேலைக்கு வருகிறவளுக்கும் நான்தான் எழுதிக் கொடுப்பேன். விளவங்கோடு பக்கத்திலிருந்து கல்யாணம் முடித்து இங்கே வந்தவள் அவள். அங்கே தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்பு வரை படித்தாள். தமிழை எழுத்துக் கூட்டி வாசிப்பாள், தன் பெயரைத் தமிழில் எழுதுவாள். மலையாளம் பேசினால் எல்லாம் புரியும், எழுத்து மட்டும் ஒன்றும் தெரியாது. புருஷன் பூவாரில் டூரிஸ்ட் படகு ஓட்டிக்கொண்டிருந்தான், நெஞ்சு வலி வந்து போய்விட்டான். ஒரே மகள், காரக்கோணம் ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை. தாயும் மகளும் சானல் கால்வாய்க் கரையில் யாரோ ஒருத்தருடைய வீட்டுப் பின்பக்கத்து ஒற்றை அறையில் வாடகைக்கு இருந்தார்கள். மழை ஓங்கினால் தண்ணீர் உள்ளே வந்து கட்டில் காலைத் தொடும். என்னைவிட இரண்டு வயசு மூத்தவள். ஆனாலும் என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவாள். நானும் ஒருநாள்கூட அதைத் திருத்தியதில்லை.

சொந்தமாக ஒரு வீடு. அதைத் தவிர அவளுக்கு வேறு பேச்சு கிடையாது. "வீடு கிட்டினா அடுக்களைக்கு ஒரு ஜன்னலு வைக்கணும் அக்கா. பகல்ல லைட்டு போடாம வெட்டம் வரணும்" என்பாள்.

"வீடு கெட்டப் போறது பஞ்சாயத்து. உனக்க இஷ்டத்துக்கா ஜன்னல் வைப்பாவ?" என்று நான் கடித்து வைப்பேன். அவள் சிரித்துக்கொண்டே பாத்திரத்தைத் தேய்ப்பாள். வீடில்லாதவர்களுக்கு வீடு கொடுக்கிற திட்டத்துக்கு நாலு வருஷத்துக்கு முன்னால் அவளுடைய விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுத்தது நான்தான். சொந்த இடம் உண்டா என்று கேட்டிருந்த கட்டத்தில் இல்லை என்று எழுதியதும் இந்தக் கைதான்.

போன வருஷம் பஞ்சாயத்து ஒரு திட்டம் கொண்டுவந்தது. எங்கள் தெருவுக்குப் பின்னால் வாழையும் மரச்சீனிக் கிழங்கும் நிற்கிற ஒன்றரை ஏக்கர் உண்டு. அதில் மூன்று மாடியில் இருபத்திநாலு வீடு, இடமில்லாத குடும்பங்களுக்கு. நோட்டீஸ் ஒட்டிய அன்றைக்கே தெரு கொதித்தது. கிணற்றுத் தண்ணீர் கெட்டுப் போகும் என்றார் ஒருத்தர். ஆட்டோ திரும்ப வழியில்லாத ஊடுவழியில் இருபத்திநாலு குடும்பம் எப்படிப் போய் வரும் என்றார் இன்னொருத்தர். கேட்க எல்லாம் நியாயமாகத்தான் இருந்தது. அடியில் கிடந்த பேச்சு வேறே. கண்டவனும் வந்து இதைக் காலனியாக்கிப் போடுவான் என்பதுதான் அது. அதை வாய்விட்டுச் சொன்னவர்கள் இரண்டு மூன்று பேர். சொல்லாமல் மனசுக்குள் வைத்திருந்தவர்களில் நானும் ஒருத்தி. இனி அதை மறைத்து எனக்கு என்ன ஆகப் போகிறது.

பக்கத்து வீட்டில் பேங்க் மேனேஜராக இருந்து ரிட்டயரான அண்ணன் ஒருவர் உண்டு. தெருவுக்குத் தலைவர் மாதிரி. மறுநாள் காலையிலேயே வந்துவிட்டார்.

"தங்கச்சி, இதுக்கு ஒரு ஆட்சேப மனு எழுதணும். நீ எழுதினாத்தான் நிக்கும். நாங்க எழுதினா பஞ்சாயத்துக்காரன் குப்பையில இடுவான்."

போதாதா எனக்கு. அப்படியே குளிர்ந்துபோனேன். இரண்டு நாள் உட்கார்ந்து மலையாளத்தில் எழுதினேன். கிணறு, வழி, செப்டிக் டேங்க் எல்லாம் வரிசையாக எழுதிவிட்டு, கடைசியில் என் சர்வீஸ் புத்தியைக் காட்டினேன். அந்த இடம் ஒரு காலத்தில் வயல். மண் போட்டு மேடாக்கி வாழை வைத்து ஒரு தலைமுறை கழிந்துவிட்டது. ஆனாலும் வயல்களுக்கென்று வைத்திருக்கிற பதிவேட்டில் அந்த சர்வே நம்பர் இன்றைக்கும் வயலாகவே கிடக்கிறது, யாரும் மாற்றவில்லை. வயலில் கட்டடம் எழுப்பச் சட்டம் லேசில் இடம் கொடுக்காது. பொதுக்காரியம் என்று சொல்லி விலக்கு வாங்கலாம், ஆனால் ஊரே சேர்ந்து எதிர்த்தால் அது கஷ்டம். இது எனக்குத் தெரியும், தெருவில் வேறு யாருக்கும் தெரியாது. அந்தப் பத்தியை எழுதி முடித்ததும் நானே இரண்டு தரம் சத்தமாக வாசித்துப் பார்த்தேன். அவ்வளவு சந்தோஷம் எனக்கு.

ஊரே எதிர்க்கிறது என்று காட்ட ஒப்பு நிறைய வேண்டும். மேனேஜர் அண்ணன் வீடு வீடாக ஏறி இறங்கினார். யாரும் வாசிக்கவில்லை. எழுதியது யார் என்று மட்டும் கேட்டார்கள், போட்டார்கள். நாலாம் நாள் என் வீட்டு வராந்தாவில் உட்கார்ந்து எண்ணிப் பார்த்தார். தொண்ணூற்றொன்பது.

"இன்னும் ஒண்ணு கூட உண்டானா நூறு ஆவும்" என்றார்.

அவள் அடுக்களைப் பக்கம் மரச்சீனிக்குத் தொலி உரித்துக்கொண்டிருந்தாள். நான் இருந்த இடத்திலிருந்தே கூப்பிட்டேன்.

"எட்டீ, இஞ்ச வா. ஒரு ஒப்பு இட்டுட்டுப் போ."

முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். என்ன ஏது என்று கேட்கவில்லை. என் பேனாவை வாங்கி, நான் விரல் வைத்துக் காட்டிய இடத்தில் ஒவ்வொரு எழுத்தாகத் தன் பெயரைத் தமிழில் எழுதினாள். "செரியா அக்கா?" என்றாள். "ம்" என்றேன். திரும்பிப் போய் மரச்சீனியை எடுத்து வைத்துக்கொண்டாள்.

அதற்கு ஒரு மாதம் முன்னால்தான் என்னிடம் சொல்லியிருந்தாள். "மெம்பரு சொன்னாவ அக்கா, லிஸ்டில எனக்க பேரு உண்டாம். இந்தத் தடவ கிட்டுமாம்." நான் போனில் யாருக்கோ பதில் அனுப்பிக்கொண்டிருந்தேன். செரி, நல்லது என்றேன். தலையை நிமிர்த்தவில்லை. எந்த லிஸ்ட், எங்கே வீடு, ஒன்றும் கேட்கவில்லை. அவளுக்கு இடமில்லை என்று விண்ணப்பத்தில் எழுதியவள் நான். இடமில்லாதவர்களுக்கு வாழைத்தோட்டத்தில் வீடு என்று நோட்டீசில் வாசித்தவளும் நான். இரண்டையும் சேர்த்துப் பார்க்க ஒரு நிமிஷம் போதும். அந்த ஒரு நிமிஷம் அவளைப் பற்றி நான் நினைக்கவில்லை. வேண்டுமென்று செய்திருந்தால்கூட அவளை ஒரு ஆளாக மதித்தேன் என்று ஆகியிருக்கும். எனக்கு அவள் நினைப்பிலேயே வரவில்லை.

தெருவில் எதிர்ப்பு இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். அந்தக் கூட்டத்தில் அக்காவும் இருப்பாள் என்றுதான் அவளுக்குத் தோன்றவில்லை.

மனு போய்ச் சேர்ந்ததும் இடம் பார்க்க வந்தார்கள். கிருஷி பவனிலிருந்து விவசாய ஆபீசர், வில்லேஜ் ஆபீசர், பஞ்சாயத்து ஓவர்சியர், கூட வார்டு மெம்பர். மழை விட்டு விட்டுப் பெய்த நாள். கிருஷி ஆபீசர் சின்ன வயசுப் பெண், செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வாழைகளுக்கு நடுவில் நடந்தாள். இங்கே எங்கே வயல் இருக்கிறது என்று மலையாளத்தில் கேட்டாள். நான் குடையோடு பின்னாலேயே போய் நிறுத்தி நிதானமாக விளக்கினேன். மேல் மண்ணுக்குக் கீழே இப்போதும் சேறுதான், மழைத் தண்ணீர் இறங்குவது இங்கேதான், தெருக் கிணறுகளுக்கு இதுதான் ஊற்று. பொய் ஒன்றும் சொல்லவில்லை. அவள் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டாள்.

மெம்பர் என்னை ஒதுக்கமாகக் கூப்பிட்டார். "அக்கா, பாவப்பட்டவங்களுக்க காரியமாக்கும். கொஞ்சம் விட்டுக் கொடுக்கப்பிடாதா?"

"சட்டம்னு ஒண்ணு உண்டு மெம்பரே" என்றேன். அப்போது என் குரலை நீங்கள் கேட்டிருக்க வேண்டும். கலெக்டர் தோற்றுப் போவார்.

மனு மேல் பஞ்சாயத்தில் வைத்த விசாரணைக்கு முந்தின நாள் அவள் லீவு கேட்டாள். "நாளைக்கு வரமாட்டேன் அக்கா. பஞ்சாயத்துல ஒரு கூட்டம் உண்டு."

"நானும் அங்கதான் வாறேன்."

அவள் முகம் மலர்ந்துவிட்டது. "நீங்களும் வாறியளா? அப்போ எனக்குத் தைரியமாக்கும்."

அப்போதாவது உறைத்திருக்க வேண்டும். பெண்கள் குழுக் கூட்டம் ஏதாவது இருக்கும் என்று நானே முடிவுகட்டிக்கொண்டு போய்ப் படுத்தேன்.

பஞ்சாயத்து ஆபீசின் மாடி ஹால் சின்னது. உள்ளே நுழைந்ததும் முன் பெஞ்சில் அவளைப் பார்த்தேன். கோவிலுக்குக் கட்டுகிற சேலை. மடியில் ஒரு பிளாஸ்டிக் கவர், அதற்குள் ரேஷன் கார்டும் ஆதாரும். என்னைக் கண்டதும் தள்ளி உட்கார்ந்து பெஞ்சைத் தட்டினாள். "அக்கா, இஞ்ச இரிங்க." அவளுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் அதே மாதிரி கவர் வைத்துக்கொண்டு பெண்கள். சுவரில், வீடு கிடைக்கிறவர்கள் இங்கே உட்காரவும் என்று தாள் ஒட்டியிருந்தது.

அவளைப் பார்க்காத மாதிரி நடந்துபோய் மேனேஜர் அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

செக்ரட்டரி ஒரு பெண். என் மனுவை முழுசாக வாசித்தார். மலையாளம் வாசிக்க வாசிக்க முன் பெஞ்சுக்காரர்களின் முகம் ஒவ்வொன்றாக வாடியது. என் அந்த அருமையான வயல் பத்தி வந்தபோது அவள் பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னது என் காதுவரைக்கும் வந்தது. "எந்தப் பாவி எழுதினானோ."

பிறகு ஒப்பு போட்டவர்களின் பெயரை வாசித்தார்கள். வந்திருக்கிறவர்கள் கை தூக்க வேண்டும். கடைசிப் பெயரில் செக்ரட்டரி நின்றுவிட்டார். இரண்டு தாளை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தார். அவளை மேஜைக்குக் கூப்பிட்டார்.

"சேச்சி, வீடு கிட்டுற லிஸ்டிலயும் உங்க பேரு உண்டு, ஆட்சேபத்திலயும் உங்க பேரு உண்டே. இது உங்க ஒப்புதானா?"

அவள் குனிந்து பார்த்தாள். அவ்வளவு ஒப்பிலும் தமிழில் இருந்தது அது ஒன்றுதான். இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தப்பித்திருப்பாள்.

"ஆமா. எனக்க ஒப்பாக்கும்."

"வாசிச்சிட்டுத்தானா போட்டிய?"

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். அதில் கோபம் இல்லை. என்ன சொல்லணும், சொல்லித் தாங்க என்று கேட்கிற பார்வை. நான் எழுந்து, இவளுக்கு ஒன்றும் தெரியாது, நான்தான் கூப்பிட்டுப் போடச் சொன்னேன் என்று சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் மற்ற தொண்ணூற்றொன்பது ஒப்பையும் சந்தேகப்படுவார்கள். மேனேஜர் அண்ணன் முகத்தில் முழிக்க முடியாது. அந்த வீட்டில் எழுதினது என்கிற பேச்சு அன்றோடு தீர்ந்துபோகும். இவ்வளவும் ஒரு நொடியில் எனக்குள் ஓடியது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். துடைத்துக்கொண்டே இருந்தேன்.

"வாசிக்கல்ல" என்றாள் அவள். "அக்கா போடச் சொன்னாவ. போட்டேன்."

பின்னால் யாரோ சிரித்தார்கள். எந்த அக்கா என்று செக்ரட்டரி கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

வாழைத்தோட்டம் சரிப்படாது என்று அங்கேயே எழுதினார்கள். பெருங்கடவிளைப் பக்கம் ஒரு மேட்டில் மாற்றாகப் பார்த்து வைத்திருந்த அரசாங்க இடத்தை எடுத்தார்கள், அங்கே பதினாறு வீட்டுக்குத்தான் வழி. இருபத்திநாலில் எட்டுப் பேரைக் குறைக்க வேண்டும். திட்டம் வேண்டாம் என்று எழுத்து மூலம் கொடுத்தவள் என்று அவள் பெயரைத்தான் முதலில் வெட்டினார்கள்.

மறுநாள் காலை அவள் வேலைக்கு வந்தாள். முற்றத்தைப் பெருக்கினாள், பாத்திரம் தேய்த்தாள், ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்குக் கோபம் எப்போதும் மூக்கு நுனியில்தான். "வாயில என்ன வச்சிருக்க? திட்டணும்னா திட்டித் தொலை" என்று கத்தினேன். கத்தியதற்கு அப்போதே வெட்கப்பட்டேன்.

அவள் துடைப்பத்தைச் சாய்த்து வைத்தாள். "நான் லிஸ்டில உண்டுன்னு அறிஞ்சிட்டுத்தானா அக்கா என்கிட்ட ஒப்பு வாங்கினிய?"

"இல்ல. சத்தியமா இல்ல. நான் நினைச்சே பாக்கல்ல."

"நினைக்கல்ல" என்று அவள் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டாள். "செரி. கூட்டத்துல ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே."

நான் உள்ளே போய்த் தாளும் பேனாவும் எடுத்து வந்தேன்.

அன்றே உட்கார்ந்து மேல்முறையீட்டு மனு எழுதினேன். இவளுக்கு மலையாளம் வாசிக்கத் தெரியாது, வாசித்துக் காட்டாமல் ஒப்பு வாங்கியது நான், குற்றம் என்னுடையது, இவள் பெயரைத் திரும்பச் சேர்க்க வேண்டும் என்று எழுதினேன். என் வாழ்க்கையில் நான் எழுதிய மனுவில் அலங்காரம் இல்லாத மனு அது ஒன்றுதான். எழுதி முடித்துத் தமிழில் அவளுக்கு வாசித்துக் காட்டினேன். முழுசும் கேட்டாள்.

"இத அங்க வச்சு சொல்லியிருந்தா தாளு வேண்டியிருந்திருக்காதே அக்கா" என்றாள். ஆனாலும் ஒப்பு போட்டாள். நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். விஷயம் தெரிந்ததும் மேனேஜர் அண்ணன் என்னோடு பேச்சை நிறுத்தினார். நிறுத்தட்டும்.

அதற்குப் பிறகு தினமும் கேட் பக்கம் சைக்கிள் மணி கேட்டால் அவள் அடுக்களையிலிருந்து எட்டிப் பார்ப்பாள். "தபாலா அக்கா?" இல்லை என்பேன். ஐப்பசி மழையில் அவர்கள் அறைக்குள் இரண்டு தடவை தண்ணீர் ஏறியது. என் வீட்டு மாடி அறை காலியாகத்தான் கிடக்கிறது, வந்து இருங்கள் என்றேன். "வேண்டாம் அக்கா" என்றாள்.

பதில் என் விலாசத்துக்குத்தான் வந்தது. அவள் ஈரக் கையோடு வந்து நின்றாள். பிரித்து, வரி வரியாகத் தமிழில் சொன்னேன். லிஸ்ட் முடிவாகிவிட்டது. இனிப் பெயர் சேர்க்க வழியில்லை. அடுத்த லிஸ்ட் எடுக்கும்போது புதிதாக விண்ணப்பிக்கலாம்.

அவள் கையைச் சேலையில் துடைத்தாள்.

"செரியா வாசிச்சியளா அக்கா?"

"செரியாத்தான் வாசிச்சேன்."

"இன்னொருக்கா கூட பாருங்க."

இன்னொரு தடவை வாசித்தேன். அதேதான். அவள் கையை நீட்டி அந்தக் கடிதத்தை வாங்கி மடித்தாள். "காரக்கோணத்துல மகளுக்க கூட ஒரு நர்ஸ் பிள்ள உண்டு. அது மலையாளம் நல்லா வாசிக்கும். காட்டிட்டு வாறேன்."

முப்பது வருஷம் மலையாளத்தில் ஆபீஸ் எழுத்து எழுதியவளிடமா இந்தப் பேச்சு என்று கோபம் நாக்கு வரைக்கும் வந்தது. அதற்குள் அவள் பாதி தேய்த்த பாத்திரங்களை அப்படியே போட்டுவிட்டு வாசலைத் தாண்டியிருந்தாள். பஸ் ஸ்டாப்பைப் பார்த்து நடந்தவள் கொஞ்சத் தூரத்தில் ஓடவே ஆரம்பித்துவிட்டாள். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. நான் இன்னொரு தடவையும் தன்னை ஏமாற்றியிருக்க வேண்டுமே என்று வேண்டிக்கொண்டு ஓடுகிறாள். நான் வாசித்ததெல்லாம் பொய்யாக இருந்தால், அந்தத் தாளில் அவளுக்கு ஒரு வீடு இருக்கும்.

நான் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எங்கேயாவது ஒரு வரியை நான் தப்பாக வாசித்திருக்கக் கூடாதா என்று எனக்கும் இருந்தது. ஆனால் நான் சரியாகத்தான் வாசித்திருந்தேன்.